திருத்தும் உரிமை

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய சொல்லைத் திருத்த மற்றொருவருக்கு உரிமை உண்டா? உண்டு எனில், அவ்வுரிமை எதிலிருந்து பிறக்கிறது? அறிவிலிருந்தா, வயதிலிருந்தா, உறவிலிருந்தா? கேள்வி பார்வைக்குச் சிறியது. வீட்டிலும் அலுவலகத்திலும் பேருந்திலும் நாள்தோறும் நிகழ்ந்து, நிகழ்ந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும் ஒரு செயலைப் பற்றியது. ஆயினும் தாய்நிலத்தை விட்டு நீங்கித் தலைநகரிலும் பிற மாநிலத்து நகரங்களிலும் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய கேள்விகள் அதிகம் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் பேசுவதும், பேசாது ஒழிவதும் பெரும்பாலும் இந்தத் திருத்தத்தைச் சுற்றியே நிகழ்கின்றன என்பது என் கருத்து.

இதனை ஆராயப் புகுமுன், பேச்சைப் பற்றிப் பேசுவதற்கே நமக்குச் சில சொற்கள் தேவைப்படுகின்றன. எழுத்தைப் பற்றிப் பேச எழுவாய், பயனிலை, வேற்றுமை, புணர்ச்சி என்று எத்தனையோ சொற்களைப் பள்ளியிலேயே கற்றோம். உரையாடலைப் பற்றிப் பேச அத்தகைய சொற்கள் நம் கையில் இல்லை. ஆதலால், 'முகத்தில் அடித்தாற்போல் பேசிவிட்டான்', 'பாதியிலேயே வெட்டிவிட்டான்' என்று மனத்தாங்கலைச் சொல்ல முடிகிறதே அன்றி, அங்கே நிகழ்ந்தது யாது என்று சொல்ல முடிவதில்லை. கடந்த அறுபது ஆண்டுகளாக மேல்நாட்டு அறிஞர் சிலர் உரையாடலைத் தனித்துறையாகக் கொண்டு ஆராய்ந்து, கலைச்சொற்கள் பலவற்றை வகுத்திருக்கின்றனர். அவற்றுள் நம் கேள்விக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் தமிழ்ப்படுத்தி இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம் இலக்கண ஆசிரியர்கள் பேச்சைப் புறக்கணித்தவர்கள் அல்லர். வழக்கு, செய்யுள் ஆகிய இரண்டையும் நோக்கியே தொல்காப்பியம் செய்யப்பட்டது என்று அதன் பாயிரம் கூறுகிறது. வினாவும் அதற்கு விடையாகிய செப்பும் பிழைபடாமல் அமைய வேண்டும் என்பதும், வினாவுக்கு எதிராக மற்றொரு வினா வந்தால் அதுவும் செப்பே என்பதும் அந்நூலின் கிளவியாக்கத்தில் காணும் கருத்துகள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் இன்னும் விரிவாகச் சென்று, வினா ஆறு வகை என்றும் விடை எட்டு வகை என்றும் பகுத்தார். அவ்வெட்டில் ஏழினை ஒரு வீட்டின் ஒரு காலைப்பொழுதிலேயே கேட்கலாம். தாய் மகனை நோக்கி, 'கடைக்குப் போய் வருகிறாயா?' என்கிறாள். 'போகிறேன்' என்றால் நேர்விடை; 'மாட்டேன்' என்றால் மறைவிடை; 'நீயே போ' என்றால் ஏவல் விடை; 'போகாமல் இருப்பேனா?' என்றால் வினா எதிர் வினாதல். 'காலில் சுளுக்கு' என்றால் உற்றது உரைத்தல். 'வெயிலில் தலை வலிக்குமே' என்றால் உறுவது கூறல். 'வேண்டுமானால் துணி மடித்து வைக்கிறேன்' என்றால் இனமொழி விடை. 'கடை எங்கே?' என்பதற்கு 'அதோ' என்பது சுட்டு விடை. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படை. ஏனைய ஐந்தும் விடைபோலத் தோன்றாவிட்டாலும் விடையின் பயனைத் தருகின்றன. ஆகவே அவையும் விடைகளே என்று கொள்ளப்பட்டன.

'காலில் சுளுக்கு' என்ற சொற்களில் மறுப்பு எங்கே இருக்கிறது? சொல்லில் இல்லை, கேட்பவள் அதை வருவித்துக்கொள்கிறாள். ஆங்கில நாட்டுத் தத்துவ அறிஞர் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் எழுப்பியதும் இதே வினாதான். அவற்றின் ஒரு பகுதி 1975-இல் அச்சேறிய பின் உலகெங்கும் பரவியது. இதனைக் கொண்டு 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று மார்தட்டுவது எனக்கு உடன்பாடன்று. நம் ஆசிரியர்கள் ஒரு வினாவையும் ஒரு விடையையும் எடுத்துப் பார்த்தனர். உரையாடல் என்னும் ஓட்டத்தை, அதில் முறை மாறுவதையும் தடுக்கி விழுவதையும் எழுந்து நடப்பதையும் அவர்கள் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி வந்த பிறகே அது இயன்றது.

அக்கருவியை வைத்துக்கொண்டு முதலில் உட்கார்ந்தவர் ஹார்வி சாக்ஸ் என்னும் அமெரிக்கர். 1960-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தற்கொலை பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருந்த அவர், மனத்துயரோடு உதவி நாடி மருத்துவமனைக்குப் பேசியவர்களின் தொலைபேசி உரையாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அங்கே ஊழியர்களுக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. பேசுவோர் தம் பெயரைச் சொல்வதில்லை. ஊழியர் முதலில் தம் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவரும் பெரும்பாலும் தம் பெயரைச் சொன்னார். ஆனால் ஒருவர், 'நீங்கள் சொன்னது கேட்கவில்லை' என்றார். ஊழியர் மறுபடியும் சொன்னார். பேச்சு வேறு பக்கம் நகர்ந்தது. பெயர் வரவேண்டிய இடம் கடந்துபோயிற்று. 'கேட்கவில்லை' என்ற சொல் செவியின் குறையைச் சொல்லவில்லை, பெயரைச் சொல்லாமல் தப்புவதற்கு ஒரு வழியாயிற்று என்று சாக்ஸ் கண்டார். பேச்சில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் இருப்பதுபோல் ஒவ்வோர் இடத்துக்கும் பொருள் உண்டு என்பதே இத்துறையின் தொடக்கம்.

இதிலிருந்து பிறந்த முதற் கலைச்சொல்லை இணைக்கூற்று எனலாம். வினாவும் விடையும், வணக்கமும் மறுவணக்கமும், அழைப்பும் ஏற்பும் இணைகள். முதல் உறுப்பு வந்தால் இரண்டாம் உறுப்பு வந்தாக வேண்டும். வராவிட்டால் அங்கே வெறுமை இல்லை. 'வரவில்லை' என்பது ஒரு நிகழ்ச்சியாகவே நிற்கும். தெருவில் ஆயிரம் பேர் நமக்கு வணக்கம் சொல்லாமல் போகிறார்கள். நமக்கு ஒன்றும் இல்லை. நாம் வணக்கம் சொல்லி, ஒருவர் திருப்பிச் சொல்லாமல் போனால் அன்றிரவு உறக்கம் கெடுகிறது. வினவுதல் என்பது எதிரில் இருப்பவர்மேல் ஒரு கடனை ஏற்றுவது; விடை அக்கடனைத் தீர்ப்பது. இலக்கணத்தில் தொடங்கிய செய்தி அறத்தின் எல்லைக்குள் வந்துவிட்டதைக் காணலாம்.

இரண்டாவது, முறை. சாக்ஸும் அவருடைய தோழர்களாகிய செக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் ஆகியோரும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில், உரையாடலில் ஒரு நேரத்தில் ஒருவர் என்னும் ஒழுங்கு எவ்வாறு காக்கப்படுகிறது என்று விளக்கினர். ஜெஃபர்சன் அம்மையார் 1963-இல் பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தராக ஒலிப்பதிவுகளைத் தட்டச்சு செய்யும் வேலையில் அமர்ந்தவர். மூச்சு, சிரிப்பு, இழுப்பு, நொடியில் பத்தில் ஒரு பங்கு மௌனம் ஆகியவற்றையும் விடாமல் குறிக்கும் எழுத்துமுறையைப் பின்னர் அவரே வகுத்தார். இன்றும் உலகெங்கும் அதுவே வழங்குகிறது. எழுத்தர் வேலையை இழிவாக எண்ணுவோர் இதனை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே பொதுவாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கே கழிகிறது என்று காட்டிற்று. (அப்பத்தில் இந்திய மொழி ஒன்றும் இல்லை என்பது வருந்தத்தக்கது.) விடையைத் தேடி வாயைத் திறக்கவே இதைவிட நேரம் வேண்டும். ஆகவே கேட்பவர், பேசுபவர் முடிக்கும் முன்பே தம் விடையை ஆயத்தம் செய்யத் தொடங்கிவிடுகிறார் என்று தெரிகிறது. கேட்டல் சும்மா இருத்தல் அன்று. அதுவும் ஓர் உழைப்பே. வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வைத்தது காரணமின்றி இல்லை. பாட்டி கதை சொல்லும்போது பேரன் 'ம்' கொட்டாவிட்டால் கதை நின்றுவிடுகிறது அல்லவா? அந்த 'ம்' முறையைப் பறிக்காமல், 'மேலே சொல்' என்று முறையைத் திருப்பித் தருகிறது. அமெரிக்க மொழியியலார் 1970-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தனர். நமக்கு 'ம் கொட்டல்' என்ற பழஞ்சொல்லே போதும்.

மூன்றாவதாக நம் கேள்விக்கு நேரே உரிய சொல், சீரமைப்பு. பேச்சு இடறும்போது அதை நேர்செய்துகொள்ளும் செயல் அது. வாய் தவறும்; சொல் நினைவுக்கு வராது; இரைச்சலில் கேட்காது. பன்னிரண்டு மொழிகளில் செய்து 2015-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை யாரேனும் ஒருவர் 'ஆங்?', 'யாரு?', 'எங்கே?' என்று சீரமைப்பைக் கோருகிறார் என்று கண்டனர். பேச்சின் இயல்பே இதுதான். தடையற்ற ஆற்றொழுக்கான பேச்சு என்பது மேடையில் உண்டு, வீட்டில் இல்லை.

மேற்கூறிய மூவரும் 1977-இல் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதே. யார் தொடங்குகிறார், யார் முடிக்கிறார் என்று அவர்கள் பார்த்தனர். பேசியவரே தவற்றை உணர்ந்து தாமே திருத்துவது ஒன்று. கேட்டவர் 'ஆங்?' என்று சுட்டிக்காட்ட, பேசியவர் திருத்துவது மற்றொன்று. கேட்டவரே குறுக்கிட்டுத் திருத்திவிடுவது வேறொன்று. பெரியோர் தமக்குள் பேசிக்கொள்ளும்போது இறுதியில் கூறியது மிகவும் அருகியே நிகழ்கிறது. கேட்பவருக்குத் தவறு தெரிந்திருந்தும் அவர் ஒரு கணம் தாழ்த்துகிறார். பேசியவர் தாமே திருத்திக்கொள்ள இடம் விடுகிறார். அப்போதும் திருந்தாவிட்டால் 'ஆங்?' என்கிறார், திருத்தத்தைத் தாம் செய்துவிடுவதில்லை. யாரும் கற்பிக்காமலே நாம் அனைவரும் கடைப்பிடிக்கும் இந்த அரைக்கணப் பொறுமையை நான் ஓர் அறமாகவே கருதுகிறேன். தன் சொல்லுக்குத் தானே உரியவன் என்னும் கொள்கை அதில் அடங்கியிருக்கிறது.

'முகம்' என்பதும் இத்துறையின் கலைச்சொல்தான். பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 1978-இல் வெளியிட்டுப் பின்னர் 1987-இல் தனி நூலாக்கிய மரியாதை பற்றிய ஆராய்ச்சி, முகத்தைக் காத்தலே மரியாதையின் வேர் என்கிறது. அவர்கள் சான்றுக்கு எடுத்துக்கொண்ட மொழிகளுள் ஒன்று நம் கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தமிழ். அவர்கள் தேடிச் சென்ற கருத்துக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! முகம் கொடுத்துப் பேசுகிறோம்; முகத்தை முறிக்கிறோம்; முகத்துக்காக விட்டுக்கொடுக்கிறோம்; முகமன் கூறுகிறோம். பிறர் நடுவில் ஒருவருடைய பேச்சைத் திருத்துவது அவர் முகத்தின்மேல் கை வைப்பதாகும் என்று தமிழருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பிள்ளைகளுக்கும் முகம் உண்டு என்பதுதான் நமக்கு எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

தில்லியிலோ போபாலிலோ ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஞாயிற்றுக்கிழமை மாலை. ஊரிலிருந்து பாட்டி பேசுகிறாள். ஒன்பது வயதுப் பேரன் கைபேசியை வாங்கி, 'பாட்டி, லீவுல அம்மா வருவான், நானும் வருவான்' என்கிறான். பின்னாலிருந்து தந்தை, 'வருவான் இல்லடா! அம்மா வருவா, நான் வருவேன். எத்தனை தடவை சொல்றது?' என்கிறார். பையன் 'ம்' என்று சொல்லிவிட்டுக் கைபேசியைத் தாயிடம் நீட்டிவிடுகிறான். 'தமிழ் பேசவே மாட்டேன் என்கிறான்' என்று அக்குடும்பம் அடுத்த வாரம் நண்பர் வீட்டில் குறைப்பட்டுக்கொள்கிறது.

நிகழ்ந்தது யாது? பையன் பாட்டிக்கு ஒரு நற்செய்தி சொன்னான். அது இணைக்கூற்றின் முதல் உறுப்பு, 'அப்படியா கண்ணு!' என்ற மகிழ்ச்சி இரண்டாம் உறுப்பாக வந்திருக்க வேண்டும். அது வருவதற்கு முன் மூன்றாமவர் ஒருவர் முறையைப் பறித்தார். பாட்டி 'ஆங்?' என்று கேட்கவில்லை. அவளுக்குப் பொருள் விளங்கிவிட்டது. சீரமைக்க வேண்டிய இடர் ஏதும் அங்கே இல்லை. விகுதி தவறு, செய்தி தவறன்று. தந்தை திருத்தியது பேச்சை அன்று. பேச்சை நிறுத்திவிட்டு, அதன் எழுத்து வடிவத்தைத் திருத்தினார்.

எழுத்து வேலை பார்ப்போருக்கு இப்பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் நாம் எழுதுவது வரைவு. பிரிவு அலுவலர் அதில் அடித்துத் திருத்துகிறார். அவருக்கு மேலுள்ளவர் இன்னும் இரண்டு சொல்லை மாற்றுகிறார். கையொப்பமாகிச் செவ்வையான படி வெளியே போகிறது. அதில் யாருடைய முகமும் வாடுவதில்லை. ஏனெனில் வரைவு இன்னும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. திருத்தப்படுவதற்கென்றே அது பிறந்தது. பேச்சுக்கு வரைவு கிடையாது. வாயை விட்டு வந்த கணமே அது உரியவரைச் சென்று சேர்ந்துவிட்ட கடிதம். சேர்ந்துவிட்ட கடிதத்தை உறையைப் பிரித்து எழுத்துப்பிழை திருத்துகிறவரை நாம் என்ன சொல்வோம்? (கோப்புகளும் இவ்வேறுபாட்டை அறிந்தவை. எழுத்தில் தம்மைப் பிணைத்துக்கொள்ள விரும்பாத அதிகாரி, குறிப்பின் ஓரத்தில் 'பிளீஸ் டிஸ்கஸ்' என்று எழுதி அனுப்புவார். உள்ளே என்ன பேசினார்கள் என்பதற்குச் சுவடு இராது. 'டிஸ்கஸ்டு' என்ற ஒரு சொல்லே எஞ்சும். கோப்புகள் கணிப்பொறித் திரைக்கு வந்துவிட்ட இந்நாளிலும் பேச்சின் இச்சலுகை போய்விடவில்லை.)

இங்கே ஒரு மறுப்பு எழும். திருத்தாவிட்டால் பிள்ளைகள் எப்படிக் கற்பார்கள்? ஊரில் இருந்தால் தெருவே கற்றுக்கொடுக்கும். இங்கே தெரு வேறு மொழி பேசுகிறது. வீட்டுச் சுவர்களுக்குள் நாமும் வாளாவிருந்தால் இரண்டு தலைமுறையில் தமிழ் பெயரளவில் நிற்கும். திருத்துவது அன்பின் கடமை. முகம் வாடும் என்று அஞ்சிக் கடமையை விடலாமா?

இம்மறுப்பு வலியது, எளிதில் தள்ளக்கூடியதன்று. 1977-இல் எழுதிய அறிஞர்களே பெரியோர் சிறுவரோடு பேசும் இடத்தில் பிறர் திருத்துவது அவ்வளவு அரிதன்று என்றும், இன்னும் கற்றுக்கொண்டிருப்பவரைப் பேச்சுக்குப் பழக்கும் கருவியாக அது இருக்கலாம் என்றும் கூறியிருக்கின்றனர். ஆனால் அக்கூற்றில் ஒரு கூர்மை மறைந்திருக்கிறது. பிறரால் திருத்தப்படுபவர் இன்னும் தகுதி எய்தாதவர் என்பது பொருளாகிறது. மூன்று வயதில் அது உண்மை, குழந்தையும் வருந்துவதில்லை. பதினைந்து வயதில், விருந்தினர் நடுவில், 'ழகரம் வரவில்லை பார்' என்று சொல்லும்போது நாம் கற்பிப்பது ழகரத்தை அன்று. 'நீ இன்னும் எங்களில் ஒருவன் ஆகவில்லை' என்பதையே கற்பிக்கிறோம். அப்பிள்ளைக்கு இந்தியில் அத்தகைய சோதனை இல்லை. வகுப்பிலும் விளையாட்டிலும் அவன் முழு உறுப்பினன். முழு உறுப்பினனாக இருக்கும் இடத்தை விட்டு அரை உறுப்பினனாக இருக்கும் இடத்துக்கு யார் விரும்பி வருவார்?

கடமைக்கும் முகத்துக்கும் இடையே வழி இல்லாமல் இல்லை. ஜெஃபர்சன் அம்மையார் 1987-இல் வெளிவந்த கட்டுரையில் திருத்தத்தை இரண்டாகப் பகுத்தார். பேச்சை நிறுத்தித் தவற்றை வெளியே எடுத்து வைத்துத் திருத்துவது வெளிப்படைத் திருத்தம். அத்துடன் 'மன்னியுங்கள்', 'மறந்துவிட்டேன்', 'எத்தனை தடவை சொல்வது' என்று கணக்குத் தீர்க்கும் பேச்சும் சேர்ந்து வரும். பேச்சை நிறுத்தாமலே, அடுத்த முறையில் செம்மையான வடிவத்தை இயல்பாக வழங்கிவிட்டு மேலே செல்வது உட்பொதிந்த திருத்தம். நம் கற்பனைப் பாட்டியை இரண்டு நொடி பேச விட்டிருந்தால், 'அம்மாவும் வருவாளா! நீயும் வருவியா ராசா?' என்றுதான் கேட்டிருப்பாள். பையனும் 'வருவேன் பாட்டி' என்று சொல்ல இடம் கிடைத்திருக்கும். விகுதிகள் எல்லாம் அதில் வந்துவிட்டன. மகிழ்ச்சியும் வந்துவிட்டது. எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தராமல் பாட்டிமார்கள் அறிந்த கலை இது. தமிழை நம்மிடம் கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள்தாம். அதுவும் பெரும்பாலோர் எழுதப்படிக்கத் தெரியாதவர்கள்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெர்குசன் என்னும் அறிஞர் 1959-இல் ஒரே மொழியில் உயர்வழக்கும் தாழ்வழக்கும் அருகருகே வாழும் நிலைக்கு ஒரு பெயர் தந்தார். தமிழில் இரட்டை வழக்கு என்கிறோம். சங்கத்து வார வகுப்பில் பிள்ளை 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று கற்கிறான். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் அதையே சொல்கிறான். அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். 'சினிமாவிலே ராஜா பேசுற மாதிரி பேசுறான்.' வீட்டில் பேசியதுபோல் எழுதினால் வகுப்பில் சிவப்பு மை. வகுப்பில் எழுதியதுபோல் பேசினால் ஊரில் சிரிப்பு. தாழ்வழக்கு என்ற சொல்லே எனக்கு உவப்பானதன்று. அது தாழ்ந்ததும் அன்று, செம்மையின் சிதைவும் அன்று, தனக்கென ஒழுங்குடையது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மு. சண்முகம் பிள்ளை போன்றோர் 1960-களிலேயே பேச்சுத் தமிழுக்குப் பாடநூல் செய்து இதனை மெய்ப்பித்தனர். எது எங்கே என்று காட்டாமல் இரண்டு இடத்திலும் தண்டிப்பது நடுநிலை ஆகாது.

'நீ', 'நீங்கள்' என்னும் சொற்களும் இவ்வாறே. பேரன் பாட்டியை 'நீ எப்ப வருவே?' என்றால் தந்தை பதறி 'நீங்க' என்று திருத்துகிறார். இந்தியில் பாட்டியைத் 'தூ' என்பது பல குடும்பங்களில் அடாத செயல் என்பதை அவர் இங்கே பழகிக்கொண்டிருக்கிறார். தமிழ்நாட்டிலோ பல ஊர்களில் பாட்டியையும் தாயையும் 'நீ' என்பதே நெருக்கம். 'நீங்க' என்றால் 'என்னடா, கோவமா?' என்று கேட்பார்கள். வேறு சில குடும்பங்களில், கொங்கு நாட்டில் குறிப்பாக, 'ங்க' இல்லாமல் பேச்சே இல்லை. இரண்டும் தமிழ்தான். எந்தப் பாட்டி என்று பார்க்காமல் எது சரி என்று தீர்க்க முடியாது.

பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்களுக்கு வருவோம். சங்க விழாக்களில் நாகர்கோயிலார், மதுரையார், சேலத்தார், சென்னையார் எல்லாரும் கூடுகிறோம். ஒருவர் 'அவ்வோ வந்தாவ' என்றால் மற்றவர் புன்னகைக்கிறார். 'இஸ்துகினு' என்றால் முகம் சுளிக்கிறார். பொருள் விளங்காமல் சுளித்தாரா? இல்லை. இங்கே திருத்தத்துக்குச் சீரமைப்போடு எவ்விதத் தொடர்பும் இல்லை. ஊரையும் தொழிலையும், வாய்விட்டுக் கேட்க நாணும் சாதியையும் பேச்சிலிருந்து மோப்பம் பிடித்து, உரியவரை உரிய இடத்தில் உட்கார வைக்கும் செயல் அது. நல்ல தமிழ் என்ற பெயரால் இது நடக்கும்போது நல்ல தமிழுக்கே இழுக்கு. தன் வட்டாரச் சொல்லுக்காக ஒருமுறை சிரிக்கப்பட்டவர் அடுத்த கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி, தமிழில் கேட்டதற்கு இந்தியில் விடை சொல்லும் பிள்ளையின் செய்தி. 'சாப்பிட்டாயா?' என்று தாய் கேட்கிறாள். 'கா லியா' என்கிறான் மகன். 'தமிழில் சொல்' என்கிறாள் தாய். ஒரே பேச்சில் இரு மொழிகளுக்கிடையே மாறிச் செல்வதை மொழி மாற்று என்பர். அதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவராகிய ஜான் கம்பர்ஸ், இதே தில்லியில் பஞ்சாபிக் குடும்பங்கள் இந்தியும் பஞ்சாபியும் கலந்து பேசுவதைப் பற்றி 1964-இலேயே எழுதினார். மாறுவது சோம்பலால் அன்று, குழப்பத்தாலும் அன்று. உறவும் இடமும் பொருளும் அறிந்தே மாறுகிறார்கள் என்பதே அவர் வழி வந்த ஆய்வுகளின் முடிவு. மகன் கேள்வியைத் தமிழில் கேட்டான், புரிந்துகொண்டான், உரிய இடத்தில் உரிய விடையைத் தந்தான். இணை நிறைவேறிவிட்டது, கடன் தீர்ந்துவிட்டது. நாணயம்தான் வேறு. 'தமிழில் சொல்' என்றவுடன் அது புதிய வினாவாகிறது; அவன் உண்டானா இல்லையா என்பது பின்னுக்குப் போகிறது. உண்டதை அறியவே கேட்டோமா, சோதிக்கக் கேட்டோமா என்று மகனுக்கு ஐயம் வருகிறது. நன்னூல் கூறும் அறு வகை வினாக்களுள் அறிவினா என்று ஒன்று உண்டு: தான் அறிந்ததையே பிறர் அறிவாரா என்று அறியக் கேட்பது. அது ஆசிரியருக்கு உரியது. தாய் கேட்க வேண்டியது அறியாவினா. நம் வீடுகளில் அறியாவினாக்கள் குறைந்து அறிவினாக்கள் பெருகிவருகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. தாய் தமிழிலேயே மேலே, 'என்ன சாப்பிட்டே? காய் இருந்துச்சா?' என்று கேட்டுக்கொண்டு போகலாம். ஒரு சொல் தமிழில் வரும். ஒரு சொல் வராது. நடையை நிறுத்தாமல் இருந்தால் துணைக்கு வருகிறவர் வருவார்.

இவ்வுரிமை எதிர்த்திசையிலும் கைக்கொள்ளப்படுவதை இம்மலரைப் படிக்கும் தாய்மார்கள் அறிவார்கள். காய்கறி வண்டி வாசலில் நிற்கிறது. தாய் தன் இந்தியில், 'பிண்டி அச்சா ஹை?' என்று கேட்கிறாள். பக்கத்தில் நிற்கும் மகள், 'அச்சா இல்லம்மா, அச்சீ' என்கிறாள். வண்டிக்காரர் அதற்குள் வெண்டைக்காயை நிறுத்துவிட்டார். வழக்கம்போல் ஒரு பிடி கொத்தமல்லியும் நான்கு பச்சை மிளகாயும் மேலே போட்டார். மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்தார். அவருக்கு எந்த ஐயமும் இல்லை. அவருடைய தாய்மொழியும் இந்தி அன்று. கிழக்கே எங்கிருந்தோ வந்த போஜ்புரிக்காரர். மறுநாள் வண்டி வந்தபோது தாய் பையையும் பணத்தையும் மகளிடம் கொடுத்துவிட்டு உள்ளேயே நின்றுகொண்டாள்.